பாரம் குறைந்த சில்லுகள்

என் முதுகுக்காக வாங்கிய சில்லுகள் என்றுதான் இன்றைக்கும் என் கணவர் வீட்டுக்கு வருகிறவர்களிடம் சொல்கிறார். வருகிறவர்களும் போர்ட்டிக்கோவில் நிற்கிற ஜீப்பை ஒரு சுற்றுச் சுற்றி, குனிந்து, நாலு சில்லுகளையும் பார்த்துவிட்டு, "ரீச்சர் குடுத்து வைச்சவா" என்கிறார்கள். இதைக் கேட்கும்போதெல்லாம் எனக்குக் கோபம் முதுகில் ஆரம்பித்து உச்சந்தலை வரைக்கும் ஏறும். அதனால் நடந்ததை நடந்தபடி எழுதிவைக்கிறேன்.

நான் கணிதம் படிப்பிக்கிறவள். வீடு ஓர்ஸ் ஹில்லில். பள்ளிக்கூடம் கிளிவெட்டிக்கும் அங்கால். கிண்ணியாப் பாலம் தாண்டி, மூதூர் தாண்டி, ஒரு சந்தியில் இறங்கி உள்ளே போகவேண்டும். பிரதான வீதி வழுவழுவென்று காப்பெற் தார் போட்டது, அதைக் குறை சொல்ல ஏலாது. சந்தியிலிருந்து பள்ளிக்கூட வாசல் வரைக்கும் கிறவல், கல்லும் செம்மண்ணும். ஆயிரத்து இருநூற்றுப் பத்து மீற்றர். பிள்ளைகளுக்கு அளவீடு படிப்பிக்கும்போது நாடா பிடித்து நாங்களே அளந்த கணக்கு இது, பிழைக்காது.

போன வருடம் என் முள்ளந்தண்டில் ஒரு டிஸ்க் விலகியது. பாரம் தூக்கக்கூடாது, நெடுக நடக்கக்கூடாது, குலுங்கக்கூடாது என்று டொக்டர் சொன்னார். நகரத்துக்கு மாற்றம் எடுத்துக்கொண்டு வாருமன் என்று எல்லாரும் சொன்னார்கள். நான் மாட்டேன் என்றேன். பதினோராம் ஆண்டில் எனக்குப் பதினேழு பிள்ளைகள். என்னை விட்டால் அங்கே கணிதத்துக்கு ஆளில்லை. பதினேழு பேரையும் கணிதத்தில் சித்தியெய்த வைப்பேன் என்று பெற்றோர் கூட்டத்தில் எழும்பி நின்று சொல்லிவிட்டேன். சொன்ன வாயோடு ஓடிவர எனக்கு வெட்கம். பரீட்சை வரைக்கும் முதுகு தாக்குப் பிடித்தால் போதும், பிறகு அது என்னவும் செய்யட்டும் என்று நினைத்திருந்தேன்.

என் கணவருக்குத் துறைமுகத்தில் தொழில். வருகிற கப்பல்களுக்கு மரக்கறி, தண்ணீர், அரிசி எல்லாம் ஏற்றுகிறவர். எனக்காக ஒரு பெரிய வெள்ளை ஜீப் வாங்கினார். பொய் சொல்லக்கூடாது, உண்மையிலேயே எனக்காகத்தான் வாங்கினார். தானே காலையில் என்னைக் கொண்டுபோய் விட்டு, மத்தியானம் வந்து ஏற்றினார். முதல் மூன்று மாதமும் பள்ளிக்கூட வாசல் வரைக்கும் கொண்டுபோய் விட்டார். அந்தக் கிறவலில் ஜீப் தொட்டிலில் போகிற மாதிரிப் போகும். நான் கையில் தேத்தண்ணிக் கோப்பையோடு இருந்து வந்திருக்கிறேன், ஒரு சொட்டுச் சிந்தியதில்லை.

நாலாம் மாதம் அவருடைய போட்டிக்காரர் ஒருவர், அவரும் கப்பலுக்குச் சாமான் கொடுக்கிறவர்தான், துறைமுக வாசலில் தன் ஜீப்பைக் கொண்டுவந்து இவருடைய ஜீப்புக்குப் பக்கத்தில் நிறுத்தினார். அதற்குப் பெரிய கறுத்தச் சில்லுகள். அன்று மத்தியானம் என் கணவர் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார், வாயில் வைக்கவில்லை. சுகமில்லையோ என்று நெற்றியைத் தொட்டுப் பார்த்தேன். காய்ச்சல் இல்லை.

"இஞ்ச பாரும்," என்றார். "எங்கட ஜீப்பின்ட சில்லு பாரம் கூட. பாரம் கூடினாக் குலுக்கம் கூட. உம்மட முதுகுக்குக் கூடாது."

"எனக்கு ஒரு குலுக்கமும் தெரியேல்லையே."

"உமக்குத் தெரியாது. உள்ளுக்குள்ள நடக்கும்."

அன்றிலிருந்து சாப்பாட்டு மேசையில் சில்லு பார்க்கும் படலம் தொடங்கியது. எங்கள் மகளுக்குக் கூட நாங்கள் இத்தனை இடம் பார்க்கவில்லை. அவள் தானே ஒருவரைக் கண்டுபிடித்துக் கொண்டு போய்விட்டாள், அது வேறு கதை. இவர் கைப்பேசியைச் சீனிப் போத்தலில் சாய்த்துவைத்து, ஒவ்வொரு சில்லாகத் தள்ளித் தள்ளிக் காட்டுவார். ஐந்து ஆரக்கால் வைத்தது, பத்து ஆரக்கால் வைத்தது, இடியப்பத் தட்டு மாதிரிப் பின்னியது. வார்த்த சில்லு கூடாதாம், அடித்துச் செய்த சில்லுதான் பாரம் குறைவாம், பலமும் கூடவாம். கனடாவிலிருக்கிற அவருடைய தம்பியும் கைப்பேசியில் வந்து கதைப்பார். தம்பி அங்கே ஓடுவது நாலு பேர் முழங்கால் இடிபட இருக்கிற ஒரு சின்னக் கார். ஆனால் அண்ணனுடைய ஜீப்பென்றால் அவருக்கு ஞானம் பொங்கிக்கொண்டு வரும்.

"அண்ணா, இருபத்திரண்டு அங்குலம் போடுங்கோ. அதுக்குக் குறைஞ்சா ஜீப்புக்கு மரியாதை இல்லை."

"அண்ணியின்ட முதுகுக்கு நல்லமோ?"

"சூப்பர் அண்ணா. பாரம் குறைவெல்லே."

நான் ஒரேயொரு கேள்விதான் கேட்டேன். சில்லு பெருத்தால் ரயர் என்ன ஆகும் என்று கேட்டேன். ஜீப்பின் உயரம் மாறாது, சில்லு மட்டும் பெருக்கிறது, அப்படியென்றால் இடையில் இருக்கிற இறப்பர் மெலியத்தானே வேண்டும். எட்டாம் ஆண்டுப் பிள்ளையும் கழித்துப் பார்த்துச் சொல்லும். இரண்டு பேரும் என்னைப் பார்த்தார்கள், ஒருவர் மேசையிலிருந்து, மற்றவர் சீனிப் போத்தலிலிருந்து.

"அது முக்கியமில்லை," என்றார் என் கணவர்.

"அண்ணி கணக்கு ரீச்சரெல்லே," என்று தம்பி சிரித்தார்.

சில்லுகள் கொழும்பிலிருந்து லொறியில் வந்தன. வெண்கல நிறம், இடியப்பத் தட்டு வகை. பெட்டியில் பாரம் பதினொன்றரைக் கிலோ என்று எழுதியிருந்தது. என் கணவருக்கு அச்சடித்ததில் நம்பிக்கையில்லை. வீட்டில் ஏறி நின்று பார்க்கிற தராசு ஒன்று இருந்தது. அது பிழை, அதில் நிறுக்க ஏலாது என்றார். அது அவரைத் தொண்ணூற்றிநாலு கிலோ என்று காட்டிய நாளிலிருந்து பிழை. ஆகவே ஒரு புதுச் சில்லையும் ரயர் கழற்றிய பழைய சில்லையும் ஏற்றிக்கொண்டு மீன் சந்தைக்குப் போனோம். நிறுவையென்றால் அவருக்கு மீன் தராசுதான். இத்தனை வருடமும் அதில்தான் ஏமாறாமல் வாங்கியிருக்கிறாராம்.

எங்களுக்கு வழக்கமாக மீன் தருகிறவர் கிண்ணியாக்காரர். காலையில் பாரை மீன் தொங்கிய கொக்கியைத் துடைக்காமலே அதில் சில்லைக் கொழுவினார். சுற்றிவரக் கூட்டம் சேர்ந்துவிட்டது.

"பதினொன்றரை, சேர். வெட்டித் தரவா, முழுசாவே கொண்டு போறீங்களா?"

கூட்டம் சிரித்தது, நானும் சிரித்தேன். என் கணவர் சிரிக்கவில்லை. பழைய சில்லையும் தூக்கச் சொன்னார். பதினாலரை.

"மூண்டு கிலோ," என்று என்னைப் பார்த்தார், உலகத்தை வென்றவர் போல. "ஒரு சில்லுக்கு மூண்டு. நாலுக்குப் பன்னிரண்டு. விளங்குதோ?"

விளங்கியது. அந்தப் பன்னிரண்டு கிலோவை அவர் தன் இரவுப் புட்டிலேயே குறைத்திருக்கலாம் என்பதும் விளங்கியது. புதுச் சில்லு மீன் நாற்றத்தோடு வீட்டுக்கு வந்தது. அயலட்டைப் பூனைகள் எல்லாம் பின்னேரம் அதைச் சுற்றி உட்கார்ந்திருந்தன. என் தலைக்கு வைக்கிற ஷாம்புவால் அதைக் குளிப்பாட்டினார்.

பூட்டிய கையோடு பிள்ளையார் கோயிலுக்குப் போனோம். புது வாகனமென்றால் நாலு சில்லுக்கும் கீழே எலுமிச்சம்பழம் வைத்து ஏற்றி நசிப்பது எங்கள் வழக்கம். ஜீப் வாங்கியபோது ஒருமுறை செய்தாயிற்று. சில்லு புதிதென்றபடியால் மறுபடியும் செய்யவேண்டும் என்றார். ஐயர் பழத்தை வைக்கக் குனிந்தபோது இவர் தடுத்துவிட்டார். எலுமிச்சம் புளி தெறித்தால் சில்லின் பூச்சு போய்விடுமாம். சட்டைப் பையிலிருந்து நாலு சொப்பிங் பை எடுத்தார். வீட்டிலிருந்தே மடித்துக் கொண்டுவந்திருக்கிறார்.

"பழம் நசிய வேணும் ஐயா, அதுதானே சாங்கியம்," என்றார் ஐயர்.

"நசியட்டும். பைக்குள்ள நசியட்டும்."

மூன்று பழம் பைக்குள் நசிந்தன. நாலாவது, என் பக்கத்துச் சில்லுக்குக் கீழே வைத்தது, பையோடு வழுக்கி முழுசாக வெளியே ஓடியது. எங்கள் ஊர்த் தெருவெல்லாம் திரிகிற மான்களில் ஒன்று கோயில் வாசலில் நின்றது, அதை முகர்ந்து பார்த்துவிட்டுப் போனது. ஐயர் திருநீறு பூசும்போது என்னைத்தான் பாவமாகப் பார்த்தார். எனக்குச் சகுனத்தில் நம்பிக்கையில்லை, ஆனால் அந்தப் பார்வை நினைவிருக்கிறது.

திங்கட்கிழமை பள்ளிக்கூடத்துக்குப் புறப்பட்டோம். கிண்ணியாப் பாலத்தில் எத்தனை இணைப்பு இருக்கிறதென்று இத்தனை வருடத்தில் எனக்குத் தெரியாது. அன்றைக்கு ஒவ்வொன்றும் என் முதுகில் வந்து தட்டியது. பழைய ரயரின் இறப்பர் ஒரு சாணுக்குக் கொஞ்சம் குறைவு. புதியது நாலு விரல். பாரம் குறைந்தால் குலுக்கம் குறையும் என்று அவர் சொன்னது பிழையில்லை, அது சரியான கணக்கு. குறைந்ததை விடக் கூடினது எவ்வளவு என்று பார்க்காததுதான் பிழை. பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தேன். கிறவலில் என்ன ஆகப்போகிறதோ என்று பயந்தேன்.

அந்தப் பயம் தேவைப்படவில்லை. சந்தியில் ஜீப் நின்றது.

"இதில இறங்குமன்," என்றார்.

"ஏன்?"

"கிறவல். கல்லுத் தெறிச்சா சில்லில கீறல் விழும். இந்தா, இந்தக் கொஞ்சத் தூரம்தானே. நடந்தா உம்மட முதுகுக்கும் நல்லம்."

நெடுக நடக்கக்கூடாது என்று டொக்டர் சொன்னபோது பக்கத்துக் கதிரையில் இருந்தவர் இவர்தான். நான் அவருடைய முகத்தைப் பார்த்தேன். பகிடி இல்லை. கையில் பையையும் குடையையும் எடுத்துக்கொண்டு இறங்கினேன். ஏன் சண்டை பிடிக்கவில்லை என்று கேட்டால், எனக்கு முதற்பாடம் இருந்தது. பதினேழு பேர் காத்துக்கொண்டிருப்பார்கள். ஆயிரத்து இருநூற்றுப் பத்து மீற்றரையும் நடந்து போனேன்.

அதற்குப் பிறகு அதுவே வழக்கமாகிவிட்டது. காலையில் சந்தியில் இறக்குவார், மத்தியானம் சந்தியில் ஏற்றுவார். ஜீப்பின் பின்பக்கத்தில் இருபது லீற்றர் தண்ணீர்க் கானொன்று ஏறியது. உப்புக்காற்று சில்லில் படிந்தால் பூச்சு அரிக்குமாம். ஆகவே பாலம் தாண்டியதும் இறங்கி நாலையும் கழுவுவார். பன்னிரண்டு கிலோவைக் குறைத்துவிட்டு இருபது கிலோவை ஏற்றியிருக்கிறீர்களே என்று கேட்டேன்.

"அது சில்லில இல்லையே, பின்னுக்குத்தானே கிடக்குது," என்றார்.

வீட்டில் இன்னொரு பிரச்சினை. தெரு நாய்கள் சில்லைக் கண்டால் காலைத் தூக்கும். அவை எந்தச் சில்லையும் அப்படித்தான் மதிக்கும், அவற்றுக்கு வெண்கலமும் ஒன்றுதான் இரும்பும் ஒன்றுதான். ஒருநாள் பின்னேரம் வந்து பார்த்தால் நாலு சில்லுக்கும் துணி சுற்றிக் கட்டியிருந்தது. கிட்டப் போய்ப் பார்த்தேன். என்னுடைய பருத்திச் சேலைகள். பழையதுதான், ஆனால் நான் முதுகுக்குக் கீழே மடித்து வைக்கிற சேலைகள்.

பாதி வழியில் என்னை ஏற்றிக்கொண்டு போகிறவர் ஒருவர் இருந்தார். என் வகுப்புப் பிள்ளை ஒருத்தியின் அப்பா. நெல் ஏற்றுகிற சின்ன லொறி ஒன்று வைத்திருக்கிறார். சில்லு நாலும் துரு. நான் ஏற உயரமாக இருக்கிறதென்று இரண்டாம் நாளே ஒரு முக்காலி கொண்டுவந்துவிட்டார்.

"சேரின்ட ஜீப்புக்கு என்ன ரீச்சர், பழுதோ?"

"இல்லை. புதுச் சில்லு போட்டிருக்கு."

ஒரு பள்ளத்தை விலத்தி ஓட்டினார்.

"அப்ப ஓடாதோ?"

ஓடும், பாதை நல்லமென்றால் என்று சொன்னேன். அவர் மரியாதையான மனிதர், அதற்கு மேல் கேட்கவில்லை. லொறி எந்த நாளும் வராது. வராத நாளில் நடப்பேன்.

பரீட்சைக்கு ஆறு கிழமை இருக்கும்போது ஒரு வியாழக்கிழமை மழை பெய்தது. லொறியைக் காணவில்லை. பாதையில் சேறு. பாதித் தூரம் போனதும் ஒரு கால் வழுக்கியது. நான் விழவில்லை. விழாமல் நிற்பதற்காக முறுகினேன், அந்த முறுகலில் முதுகு பிடித்துக்கொண்டது. முன்னுக்கும் போக ஏலாது, பின்னுக்கும் போக ஏலாது. இருக்கவும் ஏலாது. நட்டுவைத்த கம்பம் மாதிரிக் குடையோடு நின்றேன். ஒரு கையால் கைப்பேசியை எடுத்து அவருக்கு அடித்தேன். அவர் சில்லுகளில் பட்ட சேற்றைக் கழுவிவிட்டு, அப்போதுதான் சந்தியில் ஜீப்பைத் திருப்பிக்கொண்டு நின்றார். நான் நின்ற இடத்திலிருந்து அதன் வெள்ளை எனக்குத் தெரிந்தது.

"முதுகு பிடிச்சிட்டுது. உள்ளுக்கு வாங்கோ."

ஒரு வினாடி பேச்சில்லை. அந்த ஒரு வினாடியை நான் இன்னும் மறக்கவில்லை.

"சரியான சேறா கிடக்குதோ?"

"ஓம்."

"அப்ப கொஞ்சம் நில்லும். நான் ஒரு ஓட்டோ பிடிச்சு அனுப்புறன்."

எனக்கு அழுகை வந்தது. நோவுக்கு அழவில்லை, நோ எனக்குப் பழக்கம். முப்பது வருடம் ஒரு மனிதனுக்குச் சோறு போட்டிருக்கிறேன், எனக்கும் ஒரு சில்லுக்கும் நடுவில் யோசிக்க அவருக்கு ஒரு வினாடி தேவைப்பட்டதே என்றுதான் அழுதேன். ஓட்டோ வரவில்லை. லொறிதான் வந்தது. அந்த மனிதரும் மகளும் என்னைப் பலகையில் சாய்த்தபடி ஏற்றி, ஆஸ்பத்திரிக்கு நேரே கொண்டுபோனார்கள். ஜீப் பின்னால் வந்தது. காப்பெற் வீதிதானே, நல்ல வடிவாக வந்தது.

பரீட்சை முடியும் வரைக்கும் பிரயாணம் கூடாது, வீட்டில் எழும்பாமல் கிடக்கவேண்டும் என்றார் டொக்டர். அங்கே வட்டங்கள் இன்னும் படிப்பித்து முடியவில்லை. நான் கண்ணை மூடிக்கொண்டேன். அந்தப் பதினேழு முகமும் வந்து நின்றன.

சனிக்கிழமை காலை வாசலில் லொறிச் சத்தம். கேற்றைத் திறந்து அந்த மனிதர் பின்பக்கமாக லொறியை உள்ளே விட்டார். பின்னால் நெல்லுச் சாக்கு விரித்து, பதினேழு பிள்ளைகளும் இருந்தார்கள். அதிபரிடம் சொல்லிக்கொண்டுதான் வந்தார்களாம். "ரீச்சருக்கு அங்க வரத்தானே ஏலாது," என்றார். பரீட்சை வரைக்கும் ஒரு சனிக்கிழமை கூட அவர் தவறவில்லை.

வீட்டு விறாந்தை பதினேழு பேருக்குக் காணாது. போர்ட்டிக்கோவில் பாய் போடச் சொன்னேன். என்னைத் தூக்கிவந்து ஜீப்புக்குப் பக்கத்தில் கிடத்தினார்கள். கரும்பலகையைச் சாத்த இடமில்லை, ஜீப்பின் கதவில் சாத்தச் சொன்னேன். என் கணவர் வாயைத் திறந்தார். லொறிக்காரர் நின்றபடியால் மூடிக்கொண்டார். பிள்ளைகளுக்குத் தேத்தண்ணி போடப் போனார்.

"முன்சில்லில கட்டியிருக்கிற சேலையை அவிட்டு என்ர முதுகுக்குக் கீழ வையுங்கோ," என்றேன். "இண்டைக்கு வட்டம்."

நூல் பிடித்து அளந்தார்கள். சில்லு ரயரோடு விட்டம் எழுபத்தேழு சென்ரிமீற்றர். பதினேழு பேரும் முறைவைத்துக் குனிந்து தொட்டுப் பார்த்தார்கள். ஒருவன் விரலால் சுண்டிப் பார்த்தான், நல்ல சத்தம் கேட்டது. நான் மல்லாந்து கிடந்தபடி கேள்வியைச் சொன்னேன். சந்தியிலிருந்து பள்ளிக்கூட வாசலுக்கு ஆயிரத்து இருநூற்றுப் பத்து மீற்றர். இந்தச் சில்லு சந்தியிலிருந்து பள்ளிக்கூட வாசல் வரைக்கும் எத்தனை தரம் சுற்றும்?

பரிதி இரண்டு தசம் நாலு இரண்டு மீற்றர். பிரித்தால் ஐந்நூறு. அழகாகப் பிரிபடும், அதற்காகத்தான் கொடுத்தேன். ஒவ்வொரு கொப்பியாக என் முகத்துக்கு மேலே பிடித்துக் காட்டினார்கள். ஐந்நூறு, ஐந்நூறு, ஒருவனுக்கு ஐயாயிரம், திருத்திவிட்டேன், பிறகும் ஐந்நூறு. கடைசியாக லொறிக்காரரின் மகள் கொப்பியைக் காட்டினாள். பரிதி சரி. பிரித்ததும் சரி. அதைக் கோடு போட்டு வெட்டிவிட்டு, கீழே விடை பூச்சியம் என்று எழுதியிருந்தாள். வகுப்பிலே கெட்டிக்காரி அவள்.

"ஏன் பிள்ளை பூச்சியம்?"

அவள் பகிடிக்குச் சொல்லவில்லை. யோசித்துத்தான் சொன்னாள்.

"இந்தச் சில்லு சந்தியில நிண்டிடும் ரீச்சர்."

என் கணவர் தேத்தண்ணித் தட்டோடு வாசற்படியில் நின்றார். பிள்ளைகள் எல்லாரும் அவரைத் திரும்பிப் பார்த்தார்கள். நான் சிவப்புப் பேனையை எடுத்து, இரண்டு விடைக்கும் சரி போட்டேன்.